தாக்குதலுக்குப் பொறுப்பு யார்?

பெண் கேட்கப் போன வீட்டில் காபிக்கு முன்னால் கால்பந்து வரும் என்று குமரேசனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவன் கீழ்பென்னாத்தூரில் கால்நடை மருத்துவர். மாட்டு டாக்டர் என்றுதான் சுற்றுவட்டாரத்தில் பெயர். அவனுக்கும் அதில் மனத்தாங்கல் கிடையாது. திருவண்ணாமலை வங்கி ஒன்றில் கறவை மாட்டுக் கடன் பார்த்துக்கொண்டிருந்த சிந்துஜாவிடம், கடன் மாடுகளுக்குக் காதில் வில்லை மாட்டிச் சான்று கொடுத்த வகையில் பழக்கம். ஒரு சினை எருமையைப் பற்றித் தொடங்கிய பேச்சு, அந்த எருமை கன்று போட்டு, கன்று புல் தின்னப் பழகிய பிறகும் நின்றபாடில்லை. முதலில் நீங்கள் தனியாக வந்து அப்பாவிடம் பேசுங்கள், பெரியவர்கள் பிறகு வரட்டும் என்று அவள் சொன்னதால், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இஸ்திரி போட்ட சட்டையும் ஒரு பை ஆப்பிளுமாக வேங்கிக்காலில் அவள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தான்.

அவள் அப்பா ராஜமாணிக்கம் கூட்டுறவுத் துறையில் ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் விசாரணை அதிகாரியாக இருந்து, ஒரு விசாரணையையும் முடித்துவைக்காத நற்பெயரோடு வெளியே வந்தவர். ஓய்வுக்குப் பிறகு விசாரிக்க ஒன்றுமில்லாமல் உடம்பு இளைத்துப் போனார் என்றும், தீபமலை எஃப்.சி. ரசிகர் பேரவையைத் தொடங்கிய பிறகுதான் மறுபடியும் சோறு இறங்கியது என்றும் அவர் மனைவி கஸ்தூரி சொல்வதுண்டு. தீபமலை எஃப்.சி. உள்ளூர்க் கால்பந்து அணி. அணியில் பதினோரு பேர். பேரவையில் நிர்வாகிகள் மட்டுமே அதைப்போல நாலு மடங்கு.

“குடும்பம், படிப்பு, உத்தியோகம் எல்லாம் விசாரிச்சாச்சு தம்பி. குறை சொல்ல ஒண்ணுமில்ல,” என்றார் ராஜமாணிக்கம். குமரேசனுக்கு மூச்சு வந்தது. “ஆனா இப்ப என் மனசு சரியில்ல. நம்ம பசங்க தாக்குதல் சுத்தமா சரியில்ல. அந்தத் தாக்குதலுக்குத் திட்டம் போடறவன் யாருன்னே தெரியல.”

குமரேசன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

“போலீஸ்ல சொல்லிட்டீங்களா சார்?”

சமையலறை வாசலில் நின்ற சிந்துஜா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ராஜமாணிக்கம் மட்டும் கோபப்படவில்லை. கடையில் நல்ல தேங்காயைத் தட்டிப் பார்ப்பவர்போல அவனை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

“கால்பந்து பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?”

“தெரியாதுங்க.”

“கொஞ்சங்கூட?”

“கையால தொடக் கூடாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்.”

“போதும். நடுநிலைன்னா இதுதான்,” என்றார் அவர். காபி வருவதற்குள் குமரேசன் தனிநபர் விசாரணை ஆணையமாக நியமிக்கப்பட்டிருந்தான். அணி கோல் அருகே போன பிறகு எப்படித் தாக்குவது, யார் அடிப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அது முடியும்வரை இந்த வீட்டில் வேறு எந்த நல்ல காரியமும் பேசுவதற்கில்லை. ஆடி பிறக்கப்போகிறதே என்று கஸ்தூரி இழுத்தார். ஆடி விசாரணைக்குத் தோதான மாதம், வேறு எதற்கும் ஆகாதே என்று அவர் பதில் வைத்திருந்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது சிந்துஜா வந்து நின்றாள். வங்கியில் இடமாற்றப் பட்டியல் புரட்டாசியில் வரும். கல்யாணமாகியிருந்தால் புருஷன் வேலை செய்யும் மாவட்டத்திலேயே விடுவார்கள். ஆகாவிட்டால் தூத்துக்குடி என்று பேச்சு.

“ஆவணிக்குள்ள முடிச்சுடுங்க டாக்டர். அப்பா இதுவரைக்கும் எதையும் முடிச்சதே இல்ல,” என்றாள்.

பேரவையின் சிறப்புப் பொதுக்குழு, செங்கம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. ஆணையத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆணையத்தை முன்மொழிந்தவருக்கும் போர்த்தினார்கள். வழிமொழிந்தவர் தனக்கு மட்டும் துண்டு என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள, அவரைச் சமாதானப்படுத்துவதில் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு, விழாமல் போன கோல்களுக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

முதலில் பேசியவர் செயலாளர் வல்லரசு. உரக்கடைக்காரர், கஸ்தூரியின் தம்பி, அதாவது சிந்துஜாவுக்குத் தாய்மாமன்.

“நான் பதவிக்கு ஆசைப்படறவன் இல்ல. செயலாளரா இருக்கேன். பொருளாளருக்கு உடம்பு சரியில்லன்னு அதையும் பாத்துக்கறேன். துணைத்தலைவர் இடம் காலியா கெடக்கேன்னு அதையும் சுமக்கறேன். தலைவர் மாமாவுக்கும் வயசாவுது. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல,” என்று தொடங்கிய அவருடைய வாதம் இதுதான். தாக்குதலைத் தீர்மானிப்பவர் தொழில்நுட்ப ஆலோசகர் சாமி. சாமி வகுக்கும் வியூகத்தைப் பயிற்சியாளர் மாறன் கெடுத்துவிடுகிறார்.

சாமி என்பவர் ஒரு வெள்ளைக்காரர். ரமணாசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்தார். மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு ஒரு நாள் மைதானத்தில் வந்து உட்கார்ந்தார். மஞ்சள் பனியன் என்பதால் பிரேசில்காரர் என்று வல்லரசு முடிவு செய்தார். பிரேசில்காரர் என்பதால் கால்பந்து தெரியும் என்று பேரவை முடிவு செய்தது. ஆலோசகராக இருக்கச் சம்மதமா என்று கேட்டபோது அவர் மறுப்பு ஏதும் சொல்லவில்லை. அவர் மௌன விரதத்தில் இருந்தார்.

தலைவர் ராஜமாணிக்கத்தின் கட்சி வேறு. மூளை முழுவதும் மாறனுடையது, சாமியின் கையசைவுக்கு வல்லரசு சொல்லும் பொழிப்புரைதான் எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்குகிறது என்பது அவர் கட்சி.

“கோல் விழாதது தோல்வி இல்ல. கோல் விழாததுக்கு யார் பொறுப்புன்னு தெரியாம இருக்கறதுதான் தோல்வி,” என்றார் அவர். “அது தெரிஞ்சுட்டா, அப்புறம் ஜென்மத்துக்கும் கோல் விழலன்னாலும் நாம நிம்மதியா தூங்கலாம்.” கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

குமரேசன் பக்கத்தில் இருந்தவரிடம், அணி இப்போது எங்கே என்று கேட்டான். மைதானத்தில் போளூர் அணியோடு ஆடிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொன்னார். நீங்கள் யாரும் போகவில்லையா என்றான் குமரேசன். போனால் இங்கே கூட்டத்துக்கு வேண்டிய கோரம் குறைந்துவிடுமே என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

சமோசா வந்துகொண்டிருந்தபோது செய்தியும் வந்தது. தீபமலை எஃப்.சி. இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டது.

கூடத்தில் இழவு விழுந்தாற்போல் ஆயிற்று. கோல் போடாததற்கே பொறுப்பாளர் அகப்படாத நேரத்தில், போட்டதற்கு ஒரு பொறுப்பாளரை எங்கே போய்த் தேடுவது? இரண்டும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் அவரைப் பதவியிலிருந்து தூக்குவதா, அவருக்கு மாலை போடுவதா? இரண்டு கோலையும் ஆணையத்தின் வரம்பில் சேர்ப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

விசாரணை ஆடி முழுக்க நடந்தது. காலையில் மாடு, மாலையில் கால்பந்து. பயிற்சியாளர் மாறன் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பேசும்போதே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொள்கிற மனிதர்.

“நான் பயிற்சியாளர் சார். பயிற்சி குடுப்பேன். ஆட்டம் வேற டிபார்ட்மென்ட்,” என்றார். பேரவை விதிப்படி, பந்து இடது பக்கமாக முன்னேறினால் வல்லரசின் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். அவர்கள் சாமியைப் பார்ப்பார்கள். சாமி காதைச் சொறிந்தால் நீளமாக அடி. கொட்டாவி விட்டால் பந்தைப் பின்னால் அனுப்பு. வலது பக்கமாகப் போனால் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அவர் பக்கத்திலிருப்பவர்களைக் கலந்து பேசிவிட்டுத் தலையசைப்பார்.

“நடுவுல போனா?”

“நடுவுல போனா ரெண்டு தரப்பும் ஒத்துக்கணும். அதனால நடுவுல போவவே கூடாதுன்னு பசங்ககிட்ட கண்டிஷனா சொல்லி வெச்சிருக்கேன்.”

“கோல் எங்க சார் இருக்குது?”

மாறன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “நடுவுலதான்,” என்றார்.

முன்கள ஆட்டக்காரன் காசி, டயர் கடையில் வேலை பார்ப்பவன், இன்னும் சுருக்கமாகச் சாட்சி சொன்னான். பந்து காலுக்கு வந்ததும் மைதானத்துப் படிக்கட்டில் மேலே உட்கார்ந்திருக்கும் பேரவைக்காரர்களைப் பார்ப்பானாம். பார்த்துவிட்டுக் குனிவதற்குள் பந்து போயிருக்குமாம். போளூர் ஆட்டத்தில் எப்படி இரண்டு கோல் போட்டாய் என்று கேட்டதற்கு, அன்று மேலே பார்த்தேன், யாருமே இல்லை என்றான். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது அவன் குரல்.

சாமியை விசாரிக்கப் போனபோது உரை சொல்ல வல்லரசும் கூட வந்தார். கழுத்தில் ‘மௌனம்’ என்று அட்டை மாட்டியிருந்த சாமி, கேள்வி முழுவதையும் கேட்டுப் புன்னகைத்து, குமரேசன் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார்.

வல்லரசு கண்ணை மூடி யோசித்தார். “பாத்தீங்களா டாக்டர், பழம் வளைஞ்சிருக்குது. கார்னர்ல இருந்து வளைச்சு அடிக்கச் சொல்றாரு.”

குமரேசனுக்குப் பசி. பழத்தைத் தின்றான். ஆவணம் அழிக்கப்பட்டதாக வல்லரசு அன்றே ஒரு கண்டன அறிக்கை விட்டார்.

அந்த வாரத்திலேயே தலைவரின் ஆட்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய பேனர் கட்டினார்கள். கைகூப்பிய ராஜமாணிக்கம், கொஞ்சம் சிறியதாக மலை, கீழே சிவப்பு எழுத்தில்: ‘தாக்குதலுக்குப் பொறுப்பு யார்? ஆவணியில் உண்மை வெடிக்கும்!’ மத்தியானத்துக்குள் பேனர் இறங்கிவிட்டது. ராஜமாணிக்கமும் ஆணையமும் காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கிரிவலக் கூட்டம் வரும் ஊரில் என்ன வெடிக்கப்போகிறது, யாரை யார் தாக்கினார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“யாரும் யாரையும் தாக்கலைங்க சார்,” என்றார் ராஜமாணிக்கம் மனம் நொந்து. “அதாங்க எங்க குறையே.”

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் குமரேசனின் தோளில் கை போட்டார். அறிக்கை எப்படி வந்தாலும் தனக்குச் சம்மதம், ஆணையத்தில் தலையிடுவது தன் வழக்கமில்லை என்றார். ஆனால் மாறன்தான் மூளை என்று வந்தால் மறுநாளே பாக்கு வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அன்று மாலையே வல்லரசு கடையிலிருந்து போன் செய்து, தலையிடுவது தன் வழக்கமுமில்லை என்று சொன்னார். சாமி பெயர் வராவிட்டால் தாய்மாமன் மாலை எடுத்துக்கொண்டு மேடைக்கு வரமாட்டான். தாய்மாமன் வராத கல்யாணத்தை ஊர் என்ன பேசும் என்று மட்டும் யோசித்துக்கொள்ளச் சொன்னார்.

குமரேசன் இதை ஒரு சாயங்காலம் வங்கி வாசலில் சிந்துஜாவிடம் சொன்னான். இரண்டு பேரையும் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கும் என்றான். சிறு வயதிலிருந்தே அவன் அப்படித்தான். யார் மனமும் கோணக் கூடாது.

“மாடு உதைக்கும்னு தெரிஞ்சா எந்தப் பக்கம் நிப்பீங்க?” என்றாள் அவள்.

“பக்கவாட்டுலதான். முன்னாலயும் நிக்கக் கூடாது, பின்னாலயும் நிக்கக் கூடாது.”

“இங்க ரெண்டு மாடு டாக்டர். எங்க நின்னாலும் ஒண்ணு உதைக்கும். வாங்கிக்கத் துணிஞ்சுட்டு, நீங்க பாத்தத அப்படியே சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்.”

அறிக்கை நாள் ஆவணிப் பௌர்ணமியன்று வந்தது. அதே சாப்பாட்டுக் கூடம். கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி வந்தவர்கள் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பகுதியில் கஸ்தூரியும் சிந்துஜாவும் இருந்தார்கள். அன்று சாமியின் விரதம் முடிகிற நாள் என்பதால், அவருடைய முதல் சொல் பேரவைக்கே கிடைக்க வேண்டும் என்று வல்லரசு அவரை ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார்.

சாமி எழுந்து, நிறுத்தி நிறுத்தி, கற்றுக்கொண்ட தமிழில் பேசினார். தான் பிரேசில் இல்லை, செக் நாடு. தொழில் கணக்குத் தணிக்கை. பனியன் தேரடி வீதியில் வாங்கியது. கால்பந்து பார்த்ததே இந்த ஊரில்தான்.

“அப்புறம் ஏன் சாமி தெனம் மைதானத்துக்கு வந்தீங்க?” என்று கேட்டார் வல்லரசு.

“அமைதிக்கு. இங்கே எல்லா இடமும் சத்தம். உங்கள் ஆட்டத்தில் மட்டும் எதுவும் நடக்காது. மனம் நன்றாக அடங்கும்.”

தலைவர் தரப்பு எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. மாறன்தான் மூளை என்பது நிரூபணமாகிவிட்டது என்றார்கள். வல்லரசு, சாமி இன்னும் முழு விழிப்புக்கு வரவில்லை, இப்போது பேசியது செல்லாது என்றார். நாற்காலிகள் நகரத் தொடங்கின. ராஜமாணிக்கம் ஆணையத்தைப் பார்த்தார். வல்லரசும் பார்த்தார்.

குமரேசன் ஒலிபெருக்கி முன் வந்தான். எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் போட்டுவிட்டு, தெரிந்ததிலிருந்து ஆரம்பித்தான்.

“எனக்குக் கால்பந்து தெரியாதுங்க. மாடு தெரியும். நல்ல கறவை மாட்டைச் சுத்தி ஊரே நின்னு, இப்படிப் புடி, அப்படிக் கறன்னு சொல்லுச்சுன்னா, அது பாலை அடக்கிக்கும். எவ்வளவு இழுத்தாலும் எறங்காது. எல்லாரும் போயிட்டா தானா சுரக்கும். போளூர் ஆட்டத்தன்னிக்கு நீங்க யாருமே அங்க இல்ல. ரெண்டு கோல் விழுந்துச்சு. மாறன் சாரும் காரணம் இல்ல, சாமியும் காரணம் இல்ல. கோல் விழாததுக்கும் நீங்கதான் பொறுப்பு. விழுந்ததுக்கும் நீங்கதான் பொறுப்பு.”

கல்யாணம் போயிற்று என்று குமரேசன் நினைத்துக்கொண்டான். வாசல் எந்தப் பக்கம் என்று கண்ணால் அளந்தான்.

ராஜமாணிக்கம் மெல்ல எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன. “அப்ப இவ்வளவு நாளா டீமோட மொத்தத் தாக்குதலும் நம்ம கையிலதான் இருந்திருக்குது.”

“நாமதான் மாமா,” என்றார் வல்லரசு தழுதழுத்து. “நாம வந்தா நிக்குது. வரலன்னா நடக்குது. எந்த கோச்சுக்கு இருக்குது இந்தச் சக்தி?”

இருவரும் கட்டிக்கொண்டார்கள். பேரவையே தாக்குதலுக்கு முழுப் பொறுப்பு என்று தீர்மானம் நிறைவேறியது. இனி பேரவையினர் எவரும் ஆட்டம் பார்க்க வராமல் இருந்து அணியை வழிநடத்துவார்கள் என்று துணைத் தீர்மானமும் நிறைவேறியது. சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அடுத்த ஞாயிறு காலையில் ஆரணி அணியோடு இறுதிப் போட்டி. தனியாக விட்டால் நிர்வாகிகளில் பாதிப் பேர் திருட்டுத்தனமாக மைதானத்துக்குப் போய்விடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தனை பேரையும் முழுக் காலையும் ஒரே இடத்தில் கட்டிப்போட என்ன கூட்டம் போடுவது? ஆண்டறிக்கை என்றார் ஒருவர். அதற்கு யாரும் வரமாட்டார்கள் என்று ஆண்டறிக்கை வாசிப்பவரே சொன்னார்.

பெண்கள் பகுதியில் சிந்துஜா எழுந்து நின்றாள்.

“அன்னிக்கு முகூர்த்த நாள்ப்பா. எங்க கல்யாணத்த வெச்சுக்கோங்க. சாப்பாடு போட்டா ஒருத்தரும் எழுந்து போவமாட்டாங்க.”

ராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். ஒரு வாரத்தில் எப்படி, மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள், ஜாதகம் கூட இன்னும் பார்க்கவில்லையே என்று அவர் தொடங்குவதற்குள், யாரோ முன்மொழிந்தார். வல்லரசு வழிமொழிந்துவிட்டார். நிறைவேறிய தீர்மானத்தை ராஜமாணிக்கம் தன் வாழ்நாளில் மீறியதில்லை.

குமரேசனின் பெற்றோர் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். பெண்ணை நேரில் பார்த்த பிறகு முணுமுணுப்பு நின்றது. மண்டபம், இறுதிப் போட்டிக்குப் பிறகு வெற்றி விழாவுக்கோ இரங்கல் கூட்டத்துக்கோ ஆகும் என்று பேரவை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்ததுதான். ஞாயிறு காலை ஒரு நிர்வாகி பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். வாசல் கதவைச் சாத்தி இரண்டு பேரைக் காவல் போட்டார்கள். தாய்மாமன் மாலையோடு மேடைக்கு வந்தார். தாலி கட்டும்போது ராஜமாணிக்கம் நிஜமாகவே அழுதார்.

முதல் பந்தி நடக்கும்போதே போன் வந்தது. மூன்று கோல். கோப்பை தீபமலை எஃப்.சி.க்கு.

ஆசீர்வாதம் செய்ய மேடையேறி வந்த வரிசை அப்படியே கலைந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிற்று. அங்கே அவசரக் கூட்டம் தொடங்கியிருந்தது. பேரவை வராததால்தான் வெற்றி. வராமல் இருந்ததற்குக் காரணம் கல்யாணம். ஆகவே இந்தக் கல்யாணத்தை முடிவு செய்தவர் யாரோ அவர்தான் கோப்பையைக் கையில் வாங்க வேண்டும். பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் தான்தான் என்றார் ராஜமாணிக்கம். வழிமொழியாமல் எந்தத் தீர்மானம் நிறைவேறும் என்று கேட்டார் வல்லரசு. மாமனும் மச்சானும் கட்டிக்கொண்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேடையில் புகைப்படக்காரரைத் தவிர யாரும் இல்லை. அவரும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் படமெடுக்கப் போய்விட்டார்.

குமரேசனும் சிந்துஜாவும் மாலையோடு பின்பக்கம் இறங்கி, கைகழுவும் இடத்துக்கு அருகில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பின்வாசல் வழியாக அணி வந்தது. முழங்காலெல்லாம் செம்மண். முன்பக்கக் கதவைக் காவலுக்கு நின்றவர்கள் திறக்கவில்லையாம். உறுப்பினர் அட்டை கேட்டார்களாம். சமையல்காரர் அவர்களுக்கு அங்கேயே இலை போட்டார்.

காசி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பொண்ணு மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கலாமா என்று தயங்கி நின்றான். குமரேசன் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். மூன்று கோலும் இவனுடையதுதான்.

“உன்ன யாருப்பா அடிக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலண்ணா,” என்றான் காசி. “அதான் அடிச்சேன்.”

அவன் போன பிறகு குமரேசன் சிந்துஜா பக்கம் திரும்பினான். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று அப்படிச் சொல்ல அவளுக்கு யார் யோசனை கொடுத்தார்கள் என்று கேட்க நினைத்தான். அவள் அவன் மேல்துண்டோடு தன் முந்தானையைச் சேர்த்துக் கட்டியிருந்த முடிச்சை இறுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து மாப்பிள்ளையைக் கூப்பிடுங்கள், ஆணையம் சொல்லட்டும் என்று குரல்கள் கேட்டன.

சிந்துஜா எழுந்து பின்வாசல் பக்கம் நடந்தாள். முடிச்சு போட்டிருந்ததால் அவனும் கூடவே போனான்.